யாருக்கும் சேராத முக்கோணம்

பிப்ரவரி 3

அன்புள்ள அக்காவுக்கு,

உறையின் மேல் என் கையெழுத்தைப் பார்த்ததும் முகத்தைச் சுளித்திருப்பாய். நம் வீட்டில் கடிதம் என்றால் சண்டை. "கத்தாதீங்க. கோபம்னா எழுதிக் குடுங்க, பாசம்னா நேர்ல சொல்லுங்க" என்று அப்பா நம் இருவர் கையிலும் பென்சிலைத் திணித்து வளர்த்தார். அதன் பலன், சொத்துப் பிரித்த நாளிலிருந்து நாம் பேசியதைவிட எழுதியதுதான் அதிகம். ஆனால் இது சண்டைக் கடிதம் இல்லை. நேரில் வந்து சொல்லலாம் என்று வந்தபோது நீ கதவைத் திறக்கவில்லை. உள்ளே மின்விசிறி ஓடும் சத்தம் கேட்டது.

ஃபாக்டரிக்கு மூச்சு முட்டுகிறது அக்கா. மூன்று ஷிப்ட் ஓடிய இடத்தில் இப்போது ஒரு ஷிப்ட். அதிலும் சாப்பாட்டு மணி அடித்த பிறகு, ஜிப்புக்குப் பல் அடிக்கும் மெஷின் பக்கம் போனால் ஆட்கள் உட்கார்ந்து ஊர்க்கதை பேசுகிறார்கள். திட்டவும் முடியவில்லை, கொடுக்க வேலை இல்லை. எனக்கு ஜிப் செய்து முடிக்க ஆகிற செலவுக்கும் கீழே வெளிநாட்டுக்காரன் துறைமுகத்தில் கொண்டுவந்து இறக்கி விலை சொல்கிறான்.

வரி விசாரணைக் குழுவிடம் மனுப் போட்டிருக்கிறேன். வெளியிலிருந்து வரும் ஜிப்புக்கு இறக்குமதி வரி போட்டால் பிழைத்துக்கொள்வேன். குழு ஒன்றைத்தான் திரும்பத் திரும்பக் கேட்கிறது. ஜிப் வாங்குகிறவர்கள் என்ன சொல்கிறார்கள்? பை தைக்கிறவர், உடுப்புத் தைக்கிறவர் யாராவது ஒருவர் வந்து "எங்களுக்கு ஆட்சேபணை இல்லை" என்று கையெழுத்துப் போட்டு வாயாலும் சொல்ல வேண்டும். எல்லாரிடமும் போய்ப் பார்த்துவிட்டேன். ஒருவர் டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினார். இன்னொருவர் டீகூடக் கொடுக்கவில்லை.

மிச்சம் இருப்பது நீ. பதினோரு வருஷம் அந்த ஃபாக்டரியை நடத்தியவள் நீதான். நான் மறக்கவில்லை. அப்பா கட்டிய கூரை அக்கா அது.

உன் தம்பி


பிப்ரவரி 11

தம்பி,

"அன்புள்ள" என்ற சொல்லைப் பார்த்ததும் காகிதத்தைக் கீழே வைத்துவிட்டு, வாசல் கதவு சாத்தியிருக்கிறதா என்று ஒரு முறை பார்த்துவிட்டு வந்துதான் மேலே படித்தேன்.

பதினோரு வருஷம் நான் நடத்தினேன், நீ படித்தாய். படித்து முடித்ததும் உனக்கு ஃபாக்டரி, எனக்கு ஒன்பது தையல் மெஷின். "பொம்பளைப் பிள்ளைக்கு ஊசி போதும்" என்றார் அப்பா. அதைப் பற்றி எழுதி எழுதி எனக்கே சலித்துவிட்டது. அதனால் இப்போது வியாபாரம் மட்டும் எழுதுகிறேன்.

உன் ஜிப்பை நான் வாங்குவதில்லை, ஏன் என்று உனக்கே தெரியும். திறந்தால் மூடாது, மூடினால் திறக்காது. நான் தைப்பது பள்ளிக்கூடப் பை. பிள்ளைகள் இழுக்கிற இழுப்புக்கு, பல்லின் மேல் ஓடி ஜிப்பை மூடுகிற ரன்னர் வெளிநாட்டுடையது இரண்டு வருஷம் நிற்கிறது, உன்னுடையது அரையாண்டுப் பரீட்சையைப் பார்ப்பதில்லை. ஒரு பைக்கு நான்கு ஜிப். ஜிப் விலை ஏறினால் என் பை விலை ஏறும். கடைக்காரர் என்ன செய்வார்? வெளிநாட்டில் தைத்து முடித்தே வருகிற பையை வாங்கித் தொங்கவிடுவார். அந்தப் பையிலும் அதே ஜிப்தான் இருக்கிறது. தனியாக வந்தால் வரி, பைக்குள் உட்கார்ந்து வந்தால் வரி இல்லை. நன்றாக இருக்கிறது நியாயம். தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு என்பது பெரியவர்கள் சும்மா சொன்னதா?

உன் கடிதத்தைக் கண்ணாடிக்காரியிடம் படித்துக் காட்டினேன். நான் பட்டறை ஆரம்பித்த அன்றைக்கு முதல் மெஷினில் உட்கார்ந்தவள் அவள். அவள் சோடாபுட்டிக் கண்ணாடியும் என் வாயும்தான் இந்தப் பட்டறையின் மூலதனம். கேட்டுவிட்டு, "தம்பிதானேம்மா கேக்குறாரு. கையெழுத்துதானே? போட்டுருங்க. கூடப்பொறந்தவங்க நாளைக்கு நமக்கும் ஆவாங்க" என்றாள். அவளுக்குக் கூடப் பிறந்தவர் யாரும் இல்லை. அதனால் அப்படிப் பேசுகிறாள்.

ஒரு நிபந்தனை. மனுவில் ஜிப்போடு பைக்கும் சேர்த்து வரி கேள். இரண்டும் இருந்தால் நான் வருகிறேன். ஒன்று குறைந்தாலும் என் வாசல் பக்கம் வராதே.

அக்கா


பிப்ரவரி 15

அக்கா,

சேர்த்துவிட்டேன். ஜிப், பை இரண்டுக்கும். வக்கீல் முணுமுணுத்தார், நான் விடவில்லை. உனக்கு ஒரு கெடுதல் வரும்படி நான் செய்வேனா? இருபத்தெட்டாம் தேதி காலையில் வா. அப்பாவின் பழைய குடையை எடுத்துக்கொண்டு வா, அங்கே வாசலில் நிற்க நிழல் இல்லை.

தம்பி


மார்ச் 4

தம்பி,

வந்தேன், சொன்னேன், வீடு வந்து சேர்ந்தேன். ஆனால் அந்த அறை இன்னும் கண்ணுக்குள்ளேயே நிற்கிறது.

குழுவின் பொருளாதார அதிகாரி, அந்தக் கட்டம்போட்ட சட்டைக்காரர், போர்டில் கோடு போட்டுக் காட்டினாரே, உனக்குப் புரிந்ததா? நீ வக்கீலிடம் கிசுகிசுத்துக்கொண்டிருந்தாய். எனக்குப் புரிந்தது. வரி போட்டால் விலை ஏறும். ஏறினால் வாங்குகிறவர் கையிலிருந்து ஒரு பெரிய துண்டு போகும். அதில் ஒரு பங்கு செய்கிறவருக்கு. நடுவில் ஒரு கட்டம் அரசாங்கத்துக்கு. "ரெண்டு ஓரத்துலயும் ரெண்டு சின்ன முக்கோணம் மிஞ்சுது பாருங்க. இது வாங்குறவங்ககிட்டேருந்து போயிடும். ஆனா யாருக்கும் வந்து சேராது" என்றார். யாருக்கும் சேராமல் எங்கே போகும் என்று கேட்கத் தோன்றியது. பிறகு நானே நினைத்துக்கொண்டேன். ரெக்சின் வெட்டும்போது பையின் முன்பக்கம், பின்பக்கம், பக்கவாட்டு எல்லாம் எடுத்த பிறகு ஓரத்தில் முக்கோணமாகத் துண்டு விழும். எதற்கும் பொருந்தாது. கூட்டி வெளியே கொட்டுவோம்.

தலைவர் என்னைப் பார்த்துக் கேட்டார். "ஏம்மா, ஜிப்பு விலை ஏறுனா உங்களுக்கு நஷ்டம்தானே? நீங்க எதுக்கு ஆதரவா வந்திருக்கீங்க?"

"தம்பி நல்லா இருந்தா எனக்கென்ன சார் நஷ்டம்?" என்றேன்.

சிரித்தார்கள். எழுதிக்கொண்டார்கள். வாசலில் நீ என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாய். அந்த அழுகை பொய் இல்லை என்றுதான் இன்றுவரை நினைக்கிறேன். வீட்டுக்கு வந்ததும் இவரிடம்கூட, "இனிமே தம்பி வந்தா கதவைத் திறந்து விடுங்க" என்று சொன்னேன்.

ஒரே ஒரு சந்தேகம். மனுவை வாசித்தபோது பையைப் பற்றி ஒரு வார்த்தையும் வந்த மாதிரி தெரியவில்லை. வேறு ஏதாவது பக்கத்தில் இருக்கும். இருக்கிறதா?

அக்கா


ஜூன் 20

அக்கா,

வரி வந்துவிட்டது! ஒரு வருஷத்துக்கு. அதன் பிறகு மறு விசாரணை வைத்துத் தொடரலாமா என்று பார்ப்பார்கள். வெளிநாட்டு ஜிப் விலை மூன்றில் ஒரு பங்கு ஏறிவிட்டது. நானும் ஏற்றியிருக்கிறேன், அவனுடையதற்கு ஒரு சின்னப் படி கீழே. செலவு ஏறாதபோது விலை ஏன் ஏறியது என்று நீ கேட்பாய். விற்கிறவன் எவனாவது சந்தை நீட்டுகிற காசை வேண்டாம் என்பானா? மூன்று ஷிப்டும் ஓடுகிறது. போன வருஷம் நிறுத்திய ஆட்களைத் திரும்பக் கூப்பிட்டேன். பல் அடிக்கும் மெஷின்காரர் என் காலில் விழப்போய்விட்டார், நான்தான் பிடித்தேன்.

பை விஷயம். இரண்டையும் கேட்டால் விசாரணை இன்னும் ஆறு மாதம் இழுக்கும், அதற்குள் நான் கடையைச் சாத்திவிட வேண்டியதுதான் என்றார் வக்கீல். அதனால் பையை எடுத்துவிட்டோம். உன்னிடம் முன்கூட்டியே சொல்லி உன்னைக் குழப்ப வேண்டாம் என்று நினைத்தேன். அடுத்த முறை பார்த்துக்கொள்ளலாம்.

உனக்கு மட்டும் உறவுக் கழிவு போடச் சொல்லியிருக்கிறேன். நூற்றுக்கு இரண்டு.

தம்பி


ஜூலை 2

ஏய்,

நூற்றுக்கு இரண்டா? பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுகிறாயே, அந்த ஆட்டுகிற கைக்கு ஒரு வெட்கம் வேண்டாமா?

என்னைக் குழப்ப வேண்டாம் என்று நினைத்தாயாம். என்னை அந்த நாற்காலியில் உட்காரவைத்து, என் வாயாலேயே எனக்குக் குழி வெட்டவைத்து, பிறகு வாசலில் வந்து அழுதாயே. அந்த நேரத்தில் மனுவில் பை இல்லை என்பது உனக்குத் தெரியும். இப்போது கேட்கிறேன், எதற்காக அழுதாய்?

நேற்றுக் கடைத்தெருவுக்குப் போனேன். என் பையும் வெளிநாட்டுப் பையும் ஒரே கம்பியில் பக்கத்தில் பக்கத்தில் தொங்குகின்றன. போன வருஷம் இரண்டும் ஒரே விலை. இப்போது என்னுடையது அதிகம். ஒரு அம்மா பெண்ணைக் கூட்டிக்கொண்டு வந்தாள். என் பையைத் தொட்டாள், விலைச்சீட்டைப் பார்த்தாள், கையை எடுத்துவிட்டு மற்றதை வாங்கிக்கொண்டு போனாள். அவளை நான் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன், நானாக இருந்தாலும் அதைத்தான் செய்வேன். பின்னாலேயே இன்னொருத்தி வந்தாள். அவள் வாங்க வந்தது ஜிப் மட்டும், பழைய பைக்குத் தைத்துப் போட. விலையைக் கேட்டுவிட்டு, "அப்ப நாலு ஊக்கு குடுங்க, குத்திக்கிறேன்" என்றாள். உன் மூன்று ஷிப்டுக்கும் காசு கொடுப்பது அவள்தான். உனக்கு அவள் முகம் தெரியாது.

கண்ணாடிக்காரி மட்டும், "விடுங்கம்மா, ஆம்பளைங்க அப்படித்தான் அவசரப்படுவாங்க" என்கிறாள். அவளையும் திட்டிவிட்டேன்.

அக்கா என்று கையெழுத்துப் போடக் கை வரவில்லை.


ஜூலை 10

அக்கா,

நீ எவ்வளவு திட்டினாலும் ஒன்று மாறாது. நஷ்டம் இல்லை என்று சொன்னது நீ. குழுவின் பதிவில் இருக்கிறது. வேண்டுமானால் பிரதி அனுப்புகிறேன்.

என் ஃபாக்டரி படுத்துக்கிடந்தபோது நீ வெளிநாட்டு ஜிப் வாங்கி மலிவாகப் பை தைத்தாய். அப்போது என் ஆட்கள் வீட்டில் அடுப்பு எரியவில்லை. அந்த நாட்களில் நீ எனக்கு எத்தனை கடிதம் எழுதினாய்? உனக்கு வலித்தால்தான் நியாயம் நினைவுக்கு வருகிறது.

தம்பி


நவம்பர் 18

தம்பி,

கோபம் ஆறிவிட்டது. ஆறின கஞ்சி பழங்கஞ்சி என்பார்கள். செய்தி மட்டும் சொல்கிறேன்.

வெளிநாட்டு ஜிப் கட்டுபடியாகாமல் உன்னுடையதைத்தான் வாங்கினேன். மேட்டுத்தெருப் பள்ளிக்கூடத்துக்கு ஒரு லோடு பை போனது. முக்கால்வாசி திரும்பி வந்துவிட்டது. ரன்னர் கழன்று, பல் விட்டு, சில பையில் கயிறு கட்டியிருந்தார்கள். பியூன் பட்டறை நடுவில் கொட்டிவிட்டு, "பெரியம்மா, இதுல புஸ்தகத்த வெக்கிறதா, புஸ்தகத்துல இத வெக்கிறதா?" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

ஒன்பது மெஷினில் ஆறை மூடிவிட்டேன். போன வெள்ளிக்கிழமை கண்ணாடிக்காரியை அனுப்பினேன். வேறு யாரையாவது அனுப்பியிருக்கலாம். அவளுக்குத்தான் சம்பளம் அதிகம். தைத்துக்கொண்டிருந்த பையை முடித்தாள், நூலைப் பல்லால் கடித்தாள், உள்பக்கத்தைத் திருப்பி ஓரம் சரியாக வந்திருக்கிறதா என்று பார்த்தாள். "இதுக்குக் கூலி வேணாம்மா, பாதி நேத்தே தச்சாச்சு" என்றாள். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு போய்விட்டாள். என் வலது கை போய்விட்டது.

அந்தப் பை இங்கே ஆணியில் தொங்குகிறது. விற்க மனசு வரவில்லை.

அக்கா


நவம்பர் 27

அக்கா,

வருத்தப்படாதே. உன் வலது கை இப்போது என் முதல் ஷிப்டில் இருக்கிறது. திங்கட்கிழமையே வந்து நின்றாள். உன்னிடம் வாங்கியதில் பாதிச் சம்பளம். சரி என்றாள். செய்து முடித்த ஜிப்பை இழுத்து இழுத்துப் பார்த்துத் தேர்ந்தெடுக்கும் வேலை. கண் பூஞ்சை என்றாலும் விரலுக்குக் கண் இருக்கிறது அவளுக்கு.

திரும்பிய பைகளைப் பற்றி எழுதியிருந்தாய். அதெல்லாம் பழைய மெஷின் சரக்கு. வரி தந்த தைரியத்தில் கடன் வாங்கிப் புது மெஷின் இறக்கிவிட்டேன். இந்த மாதத்து ஜிப் ஒரு கட்டு அனுப்பியிருக்கிறேன். இழுத்துப் பார். உடைந்தால் என் பேரை மாற்றிக்கொள்கிறேன்.

தம்பி


பிப்ரவரி 9

அன்புள்ள தம்பிக்கு,

நலம். நலமறிய ஆவல். பிள்ளைகள் எப்படி இருக்கிறார்கள்? சின்னவளுக்கு உடம்பு சரியாகிவிட்டதா?

நீ அனுப்பிய புது ஜிப்பை இழுத்துப் பார்த்தேன். நன்றாக இருக்கிறது. உண்மையிலேயே நன்றாக இருக்கிறது. அப்பா இருந்திருந்தால் பூரித்துப்போயிருப்பார். நடந்ததை எல்லாம் மனசில் வைத்துக்கொள்ளாதே. எனக்கும் வயசாகிறது, யாரோடு சண்டை போட்டு என்ன கொண்டுபோகப் போகிறேன்.

மே மாதம் மறு விசாரணை என்று கேள்விப்பட்டேன். கவலைப்படாதே, நானே வருகிறேன். போன முறை போலவே பேசுகிறேன். நீ பயப்படாமல் இன்னும் இரண்டு மெஷின் வாங்கிப் போடு. வீட்டின் மேல் கடன் வாங்கினாலும் தப்பில்லை. வரி எங்கே போய்விடப் போகிறது?

பாசத்துடன்,
அக்கா


பிப்ரவரி 14

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தைப் படித்ததும் கண் கலங்கிவிட்டது. இரண்டு முறை படித்தேன். நீ சொன்னபடியே எல்லாம் செய்கிறேன். மே மாதம் பார்ப்போம்.

பாசத்துடன்,
தம்பி


மே 30

அக்கா,

முடிவு வந்துவிட்டது. ஜிப்புக்கு இருந்த வரி போய்விட்டது. வாங்குகிற தரப்புச் சாட்சி ஒன்றே போதும் என்று எழுதியிருக்கிறார்கள். அந்தச் சாட்சி நீ.

நன்றாகத்தான் நடித்தாய். பையை மேசைமேல் வைத்தாய். "போன வருஷம் நஷ்டம் இல்லன்னு சொன்னேன் சார். என் பட்டறையே போச்சு. இதுதான் நீங்க வரி போட்டுக் காப்பாத்துன ஜிப்பு" என்று சொல்லி ஒரு இழுப்பு இழுத்தாய். ரன்னர் கையோடு வந்தது. தலைவர் முன்னால் குனிந்து பார்த்தார். கட்டம்போட்ட சட்டைக்காரர் பேனாவைத் திறந்தார்.

அப்போது பின்வரிசையில் கண்ணாடிக்காரி எழுந்தாள். "ஐயா, அந்த ரன்னரக் கொஞ்சம் இப்படிக் குடுங்க" என்றாள். "உக்காருங்கம்மா, உங்க முறை வரும்" என்றார்கள். வரவில்லை. நீ திரும்பி அவளை ஒரு பார்வை பார்த்தாய், நன்றி கெட்டவள் என்பது போல. என் சம்பளத்துக்காக வந்து நிற்கிறாள் என்று நினைத்திருப்பாய்.

கூட்டம் கலைந்ததும் அந்தப் பையை எடுத்துப் பார்த்தாள். அவள் உன்னிடம் கடைசியாகத் தைத்த பை. அதே பையில் பழைய ஜிப்பைப் பிரித்துவிட்டு என் புது ஜிப்பை வைத்துத் தைத்திருக்கிறாய். ரன்னரின் வாயைக் குறடால் நெம்பியிருக்கிறாய், இரண்டு பக்கமும் கடித்த தடம். நாள் முழுக்க ரன்னர் இழுக்கிறவளுக்கு அது தெரியாதா? என் ஜிப் தானாக உடையாது என்று தெரிந்ததும் வீட்டிலேயே உடைத்து எடுத்துக்கொண்டு வந்திருக்கிறாய்.

எனக்குக் கோபம் இல்லை. ஏன் என்று கேள். அந்த ஃபாக்டரி இப்போது என்னுடையது இல்லை.

பிப்ரவரியில் "அன்புள்ள தம்பிக்கு" என்று எழுதினாய். பிறந்ததிலிருந்து நீ எனக்கு அப்படி எழுதியதில்லை. பாசம் என்றால் நேரில் வந்திருப்பாய். நலமறிய ஆவல் என்ற இடத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது, மே மாதம் நீ எதற்கு வருகிறாய் என்று. மறுநாளே ஆட்களைக் கூப்பிட்டேன். "எனக்கு முடியல. மெஷினை எல்லாம் நீங்களே எடுத்து நடத்துங்க. வரி இருக்கு, பயமில்ல" என்றேன். கூட்டுறவுச் சங்கம் வைத்தார்கள். மெஷின்களை வாங்கினார்கள், அதன் மேல் இருந்த கடனையும் சேர்த்து. கண்ணாடிக்காரிதான் சங்கத் தலைவி. மகளுக்கென்று வைத்திருந்த நகையை முதலில் கொண்டுவந்து வைத்தவளும் அவள்தான். "தினம் சாயங்காலம் ஒரு தடவ தொட்டுப் பாத்துட்டுத்தான் வீட்டுக்குப் போறேன் சார், என் மெஷினுன்னு" என்று என்னிடம் சொன்னாள்.

விற்கும்போது எனக்குத் தெரியும், நீ இடிப்பது அவர்கள் தலையில் விழும் என்று. இடிக்கும்போது உனக்குத் தெரியாது, யார் தலை என்று. நமக்குள் வித்தியாசம் அவ்வளவுதான்.

சொத்தில் சரிபாதி வரவில்லை என்று வாழ்நாளெல்லாம் எழுதினாய். இது சரிபாதி. அதிகாரி போர்டில் போட்டது இரண்டு முக்கோணம். ஒன்றை நீ வெட்டினாய், ஒன்றை நான் வெட்டினேன்.

கட்டடம் இன்னும் என் பேரில்தான் இருக்கிறது. காலி செய்யச் சொல்லியிருக்கிறேன். கிடங்கு ஆக்கப்போகிறேன். வெளிநாட்டுப் பை, முதல் கன்டெய்னர் அடுத்த மாதம் வருகிறது. பைக்கு வரி இல்லை, நினைவிருக்கிறதா?

தம்பி


செப்டம்பர் 6

அன்புள்ள தம்பிக்கு,

நலம். நலமறிய ஆவல். பதில் எழுத நாளாகிவிட்டது, பட்டறையில் வேலை அதிகம். ஜிப் மலிந்துவிட்டதால் ஒன்பது மெஷினும் ஓடுகிறது. ஓடுகிறதே தவிர, கடைத்தெருவில் உன் பை என் பையை முழங்கையால் இடித்துக்கொண்டே இருக்கிறது. நல்ல பைதான். நானே ஒன்று வாங்கிப் பிரித்துப் பார்த்தேன்.

உன் கடிதம் வந்த மறுநாள் கண்ணாடிக்காரி வீட்டுக்குப் போனேன். நாற்காலியை எடுத்துப் போட்டாள். தண்ணீர் கொடுத்தாள். சங்கத்தின் மெஷின்களைக் கடன்காரர்கள் பழைய இரும்பு விலைக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள் என்று, யார் வீட்டுச் செய்தியையோ சொல்வது போலச் சொன்னாள். என் மெஷின் ஒன்றைத் தருகிறேன், வீட்டிலேயே வைத்துத் தைத்துக் கொடு என்றேன்.

"வேணாம்மா. மெஷின் வாங்கித்தான் இப்படி ஆனேன்" என்றாள்.

குறடைப் பற்றிக் கேட்பாள் என்று வழியெல்லாம் பதில் தயார் செய்துகொண்டு போயிருந்தேன். கேட்கவில்லை. நான் எழுந்து செருப்பைப் போடும்போது ஒன்று மட்டும் கேட்டாள். "மொத மொத நீங்க கையெழுத்துப் போடலாமா வேணாமான்னு யோசிச்சப்ப, போடுங்கன்னு சொன்னது நான்தானேம்மா?"

ஆமாம் என்றேன். இல்லை என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் அவளுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். ஆனால் அந்த நேரத்தில் குற்றம் என்னை விட்டு இன்னொருத்தி பக்கம் நகர்வது எனக்கு எவ்வளவு இதமாக இருந்தது தெரியுமா? உனக்குத் தெரியும். உன்னிடம்தான் இதைச் சொல்ல முடியும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இறக்குமதிப் பைக்கு வரி கேட்டு மனுப் போட்டிருக்கிறேன். குழு ஒன்றைத்தான் திரும்பத் திரும்பக் கேட்கிறது. அந்தப் பையை வாங்கி விற்கிறவர்கள் என்ன சொல்கிறார்கள்? ஒருவராவது வந்து ஆட்சேபணை இல்லை என்று சொல்ல வேண்டும். எல்லாரிடமும் போய்ப் பார்த்துவிட்டேன். மிச்சம் இருப்பது நீ. பெரிதாக ஒன்றும் பேச வேண்டாம். "அக்கா நல்லா இருந்தா எனக்கென்ன சார் நஷ்டம்?" என்று சொன்னால் போதும். சிரிப்பார்கள். எழுதிக்கொள்வார்கள்.

வர மாட்டேன் என்றுதான் முதலில் நினைப்பாய். அதற்கும் ஒன்று சொல்லிவிடுகிறேன். கண்ணாடிக்காரியின் மகள் போன மாதம் என் பட்டறைக்கு வேலை கேட்டு வந்தாள், அம்மாவுக்குத் தெரியாமல். முதல் மெஷினில் உட்காரவைத்திருக்கிறேன். அம்மாவைப் போலவே நூலைப் பல்லால் கடிக்கிறாள். வரி வந்தால் அவளுக்கு வேலை, வராவிட்டால் முதலில் அனுப்ப வேண்டியது அவளைத்தான் என்று சொல்லிவிட்டேன். உன் கிடங்கு வழியாகத்தான் தினமும் நடந்து வருகிறாள். உன்னைப் பார்த்தால் கையெடுத்துக் கும்பிடச் சொல்லியிருக்கிறேன்.

இருபத்தொன்றாம் தேதி காலையில் வா. அப்பாவின் குடையை நான் கொண்டுவருகிறேன். இரண்டு பேரும் அதிலேயே நிற்கலாம்.

பாசத்துடன்,
அக்கா